சத்தம் போடாத டப்பா

ஹோமா பே ஏரிக்கரையில்
மீன் எடைபோடும் கொட்டகைக்குப் பின்னால்
எங்கள் சோதனை அறை. ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி,
நான் கட்டம் போட்டு வைத்த நீலப் பதிவேடு.

நைரோபியிலிருந்து அறிக்கை வந்தது:
புதிய எச்.ஐ.வி. தொற்றுகள், நாடு முழுக்க, ஒரே கோடு.
ஏறி, கொஞ்சம் நின்று,
துறைக்கு இறங்கும் பாதை போலச் சரிகிறது.
கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.
இதில் நம்ம கரை எந்தப் புள்ளி என்றாள் அவூர்.
யாருக்கும் தெரியவில்லை.

அவூர் மீன் வாங்கி விற்பவள்.
பிடிபடாத நாட்களில்
படகுக்காரன் முதலில் யாருக்குக் கூடையை நிரப்புவான், எதற்காக,
அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.
படிவத்தில் ஆபத்து, ஆம், இல்லை என்று மூன்று சொற்கள்.
ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டோம்.

முதல் மாதம் மாத்திரை வாங்கிப்போனாள்.
அடுத்த மாதம் காணவில்லை.
அதற்கடுத்து வந்து
டப்பாவை என் காதருகே ஆட்டினாள். கலகல.
“கேட்டியா? இதத்தான் அவனும் கேட்டான்.
வியாதிக்காரிக்குத்தானே மாத்திரைன்னான்.
வராம இருக்கத்தான்னேன்.
அவன் காதுல சத்தம் மட்டும்தான் ஏறிச்சு.”

காயத்துக்குக் கட்டும் பஞ்சில் ஒரு பிடி பிய்த்து
டப்பாவுக்குள் அடைத்துக் கொடுத்தேன்.
ஆட்டிப் பார்த்தாள். ஊமை.
இன்னொரு முறை ஆட்டினாள், சிரித்துக்கொண்டே.

பிறகு ஓக்வேனோ வந்தான், அவனுடைய வலைக்கூட்டாளி வந்தான்,
பள்ளிச் சமையற்காரி முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள்.
எல்லோரும் மாத்திரையை வாங்கிக்கொண்டு
பஞ்சு என்றார்கள்.

அறிக்கை வந்த மறுநாள் ஒவிட்டி வந்தான். இருபது வயது.
மாத்திரை கேட்டு வந்தவன்;
முதலில் சோதிக்க வேண்டும் என்றேன்.
பட்டையில் ஒரு கோடு எழுந்தது.
மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து வைக்கிற நேரத்தில்
இரண்டாவதும்.
இதற்கும் மாத்திரை இருக்கிறது, நாளெல்லாம் வாழலாம் என்றேன்.
அது உண்மை.
கோடு இறங்குகிறது என்பதும் உண்மை.
அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

மாலையில் அவூரின் முறை.
ஒரே கோடு.
நகத்தால் அதைத் தொடப் போனாள், விரலைத் தட்டிவிட்டேன்.
வெளியே படகுகள் விளக்கேற்றிக் கிளம்பிக்கொண்டிருந்தன.
வராமல் போனதற்கு எங்கே புள்ளி வைப்பார்கள்,
இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம், டீ ஆறும்வரை.

இரவு சரக்குக் கோரிக்கை எழுதினேன்.
பஞ்சு: பத்துக் கட்டு.
காரணம் என்ற இடத்தில்
காயங்கள் என்று போட்டேன்.