யாரும் உறங்காத வீடு

தோபி காட் நிலையத்திலிருந்து மேலே வரும்போதே
வெயில் தலை எண்ணெயில் இறங்கிவிட்டது.
தீபாவளியன்று வாசல் திறப்பார்கள், போவோம் என்று
மூன்று வருடம் சொல்லிப் பார்த்தான் இளவழகன்.
இந்த வருடம் சொல்லவில்லை.
கிளம்பிவிட்டோம்.

வாசலில் பையைத் திறந்தார்கள்:
மாமியார் கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பா,
அதிரசம் கசிந்த டிஷ்யூ,
மகளுக்கு ஒரு மாற்றுச் சட்டை.
தண்ணீரை ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார் காவலர்.
குடித்தேன்.
"ஹேப்பி தீபாவளி" என்றார், விடைத்தாள் திருத்துகிறவர்போல.

பிறகு ஏற்றம்.
எங்கள் புளோக் அடியிலும் புல் உண்டு,
பந்து விளையாடாதே என்கிற பலகையைச் சுற்றி முளைத்தது.
இது முடிவெட்டிக்கொண்டு வந்த புல்.
பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து
குன்றேறினேன், வெள்ளத்தில் நடப்பவள்போல.

மேலே வெள்ளையாக, அகலமாக, அரண்மனை.
உள்ளே போகத் தனிச் சீட்டு.
முப்பது பேர். அரை மணி நேரம். படம் எடுக்கக் கூடாது.
வழிகாட்டி ஷு ஹுய், கல்லூரி மாணவி,
பின்னோக்கி நடந்தபடியே பேசினாள்,
ஒரு தூணிலும் மோதாமல்.

பிறநாட்டார் தந்த பரிசுகள் கண்ணாடிக்குள் இருந்தன.
வெள்ளிக் கப்பல், யானை, குடுவை, வாள்.
"ஒண்ணைக்கூடவா எடுத்து விளையாடல?"
என்றாள் நிறைமதி. ஐந்து வயது.
முன்னால் நின்ற மலாய்ப் பெரியவர்
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சரவிளக்குக்கும் கம்பளத்துக்கும் நடுவே
ஒரு மூச்சு இடைவெளியில் ஷு ஹுய் சொன்னாள்:
இதைக் கட்டியவர்கள்
இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்.
எல்லாரும் சரவிளக்கைப் பார்த்தார்கள்.
நான் சுவரைப் பார்த்தேன்.
மிக நன்றாகப் பூசியிருந்தார்கள்.
வேறொன்றும் தெரியவில்லை.

"தூங்குற ரூம் எங்க?"
நான் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன்.
இப்போது இங்கே யாரும் உறங்குவதில்லையாம்.
வேலைக்கும் விருந்துக்கும் மட்டுந்தானாம்.
"யாருமேவா?"
யாருமேதான்.

யீஷூனில் மூவறை வீடு, ஏழு பேர்.
கூடத்தில் எங்கள் மெத்தை.
மீன்தொட்டி வெளிச்சம் விடியவிடிய என் முகத்தில்.
மூன்று மணிக்குக் கழிவறை போகும் மாமனார்
எங்கள் ஆறு கால்களையும் இருட்டில் தாண்டுவார்.
இதுவரை ஒருநாளும் மிதித்ததில்லை.
தெங்காவில் எங்கள் கட்டடம் பதினோராம் மாடிவரை
எழும்பியிருக்கிறது.
நாங்கள் பதினான்காம் மாடி.
சாவி அடுத்த ஆண்டு என்றொரு கடிதம் வந்தது,
பிறகு, அதற்கடுத்த ஆண்டு என்றொரு கடிதம்.

குளத்தங்கரையில் உட்கார்ந்தோம்.
ஓர் அன்னம் எங்கள் முறுக்கைப் பார்த்துவிட்டு
மரியாதையாகத் திரும்பிக்கொண்டது.
"நம்ம வீட்ட கட்டுறவங்க எங்க தூங்குறாங்க?"
இளவழகன் கேட்டான், என்னையல்ல, தண்ணீரை.
முறுக்கைக் கடித்தேன்.
அந்தச் சத்தம் குன்று முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது.

நிறைமதி மரத்தடியில் மஞ்சாடி பொறுக்கினாள்.
பொன் நிறுக்க ஒரு காலத்தில் இதைத்தான் தட்டில் வைத்தார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் புல்லில் சாய்ந்திருந்தாள்.
ஒரு கால் செருப்போடு, ஒரு கால் செருப்பின்றி,
வாய் திறந்து,
உறங்கிவிட்டாள்.

வாசல் மூடும் நேரம் என்று வந்த காவலர்
குனிந்து பார்த்தார்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"இன்னும் பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு
அடுத்த குடும்பத்தை எழுப்பப் போனார்.

வெளியேறுகையில் யாரும் பையைச் சோதிக்கவில்லை.

இரவு பதினொன்றரைக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தில்
கடகடவென்று என்னவோ உருண்டது.
நிறுத்தித் துழாவினேன்.
சட்டைப் பையிலிருந்து ஒன்பது மஞ்சாடிகள்.
நிறம் போகவில்லை.
ஈரத்தோடு மீன்தொட்டி மேல் வரிசையாக வைத்தேன்.
கூடத்தில் எனக்கென்று விட்டிருந்த இடத்தில்
ஒருக்களித்துப் படுத்தேன்.