அமுக்கு, பிடி, விடு

ரிவர்ஸ் போட்டபோது பல் அரைபட்ட சத்தம்
பெட்ஃபோர்டு முழுக்கக் கேட்டிருக்கும்.
கேரட் லாரியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.
"கிளட்ச் போச்சு" என்றான் இன்பராஜ்,
எதையோ என்மேல் சாட்டும் அதே குரலில்.

போச்சு என்பது நோயின் பெயரல்ல.
இன்ஜின் உறுமியும் வண்டி மேடேறாவிட்டால்
தட்டு வழுக்குகிறது; தீய்ந்த நாற்றம் வரும்.
மிதித்தும் கியர் விழாவிட்டால்
தட்டு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
எங்களுடையது இரண்டாவது.

மிட்ஜெட், அறுபத்தேழு மாடல். சிவப்பு.
அவன் ஆரஞ்சு என்பான். ஆர்.சி. புத்தகத்தில் மெரூன்.
பாதிப் பணம் என்னுடையது.
மாசக் கடைசியில் பல்லடத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார்.
அதை விற்றுவிட்டால் எங்களுக்குள் பங்கு போட
ஒரு குக்கரும் வக்கீல் ஃபீஸும்தான் மிச்சம்.

தொடர்ந்து மூன்று முறை மிதித்தேன்.
நாலாவதில் விழுந்தது கியர்.
அப்படியென்றால் தட்டில்லை, குழாயில் காற்று.

ஷெட்டில் மல்லாந்து படுத்தேன்.
ஜூலை மாதத்துக் குன்னூர்த் தரை
முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணியது.
ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பரைப் பிதுக்கியதும்
கறுத்த எண்ணெய் மணிக்கட்டில் இறங்கி
முழங்கை வரை வந்தது.
வாஷர் போஜன் கடையில் இல்லை. கோயம்புத்தூரிலும் இல்லை.
பர்மிங்காமிலிருந்து வரப் பதினாறு நாள்.
அந்தப் பதினாறு நாளும் வீட்டில் நாங்கள் பேசியது
"பார்சல் வந்துச்சா?"

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒற்றை ஆளுக்கான கருவி உண்டாம். எங்களிடம் இல்லை.

அமுக்கு.
அமுக்கிட்டேன்.
பிடி. விட்டுடாதே.
பிடிச்சிருக்கேன்.
நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக வந்தது.
மூடினேன்.
இப்ப விடு.

பதினெட்டாவது தடவை, நான் சொல்லாமலே விட்டான்.
வெளியேற்றிய காற்றெல்லாம் திரும்ப உள்ளே.
கெட்ட வார்த்தையில் திட்டினேன்.
ஃபுட்போர்டுக்கு மேலிருந்து கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு, "சரி. முதல்லேருந்து."

சாயங்காலத்துக்குள் குமிழ் நின்றது.
எண்ணெய் தேன் நிறத்தில் தெளிந்தது.
கியர் விழவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் இன்ஜினைத் தூக்குவார்கள்.
நானும் செயின் பிளாக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டேன்.
அவன்தான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
தலைகீழாகத் தொங்கி,
"நான் மிதிக்க ஆரம்பிச்சதும்
கொஞ்ச தூரம் எதுவுமே நகரலையே" என்றான்.

பெடலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முள்.
பாதிச் சுண்டுவிரல் நீள இரும்பு,
எலி கடித்ததுபோல் இடுப்பில் மெலிந்திருந்தது.
வட்டத் துளை முட்டை வடிவமாகியிருந்தது.
ஒவ்வொரு மிதியின் முதல் கால் அங்குலமும்
எங்கும் போய்ச் சேராமல்
அங்கேயே தீர்ந்திருக்கிறது, எத்தனை வருஷமாகவோ.

அருவங்காட்டு லேத்தில் நூற்றிருபது ரூபாய்.

சோதனை ஓட்டத்துக்கு அவன் ஓட்டினான்.
ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.
பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது.
மலை ரயில் பின்னால் போவதும் முன்னால் வருவதுமாக
என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.
முதல் கியரில், கிளட்ச்சைத் தரை வரை அமுக்கியபடி நின்றான்.
நியூட்ரல் போடு, பேரிங் தேயும்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

கேட் தூக்கினார்கள்.
மேட்டுப்பாளையம் பஸ் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.
அவன் காலை எடுக்கவில்லை.
கண்ணாடியில் விழுந்த தூறலைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தான்,
கீழேயிருந்து யாரோ சொல்லட்டும் என்பதுபோல.