ஏழாம் வீட்டுக் கருவி

கீழ்க்கோத்தகிரி போகும் வழியில்
தேயிலைக்கு நடுவே
ஒரே சுவரில் முதுகு சாய்த்து ஏழு வீடுகள்.
ஏழுக்கும் ஏழு கருவிகள்.
தீப்பெட்டி அளவு, வெள்ளை நிறம்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
குளிரையும் ஈரத்தையும் குறித்துக்கொள்ளும்.
தரையிலிருந்து நாலடி,
ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்,
அடுப்புக்குத் தள்ளி,
ஹெப்சிபா மேடம் சொன்னபடியே
இன்பராஜ் ஆணி அடித்தான்.
நான் எண் எழுதி ஒட்டினேன்.
தை மாதம். எட்டாம் செமஸ்டர்.

கையில் கேள்வித்தாள்:
இந்த நேரத்தில் எப்படி உணர்கிறீர்கள்?
கடுங்குளிரிலிருந்து கடும்வெப்பம் வரை
ஏழு கட்டங்கள்.
பாக்கியவதி ஏழையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.
'பழகிருச்சு' என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
நடுவில் 'இயல்பு' என்றிருந்ததில் டிக் அடித்தேன்.
பேனா கீறிய சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

கடைசி பஸ் போய்விட்ட அன்று
ஏழாம் வீட்டில் படுத்தோம்.
காற்று சுமக்கும் ஈரத்துக்கு ஓர் எல்லை உண்டு,
குளிர்ந்த பரப்பைத் தொட்டால் இறக்கி வைத்துவிடும்:
சென்னையில் மின்விசிறிக்கு அடியில்
மனப்பாடம் செய்திருந்தேன்.
விடியற்காலை நாலு மணிக்கு
அது என் நெற்றியில் விழுந்தது.

வெளியே ஒரு மேகம் இல்லை,
புல்லெல்லாம் உறைபனி.
உள்ளே தகரத்துக்கு அடியில்
வரிசை வரிசையாகத் துளிகள்.
இருட்டில் கணக்குப் போட்டேன்.
ஆறு பேர், எட்டு மணி நேரம், ஆளுக்கு இத்தனை கிராம்.
ஒரு லிட்டருக்கு மேல் வந்தது.
தங்கள் மூச்சே
தங்கள் மேல் பெய்ய
உறங்கிக்கொண்டிருந்தார்கள்.
பாக்கியவதி கண்ணைத் திறக்காமலே
பிள்ளையின் புத்தகப்பையை ஒரு முழம் நகர்த்தினாள்.
எங்கே சொட்டும் என்று
அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, திரையில்,
ஆறு கோடுகள் நள்ளிரவு தாண்டியதும்
ஒன்றாகச் சரிகின்றன.
ஏழாவது மட்டும் இரண்டு டிகிரி மேலே,
இறங்க மனமில்லாமல்.
பாட்டரி என்றான் இன்பராஜ்.
சுவர் தடிமனோ என்று நான்
வெட்டுப்படத்தை மூன்று தரம் மாற்றி வரைந்தேன்.
கரையானோ, கல்லோ, மண்ணோ,
ஏதோ ஒரு ரகசியம் கிடைத்த மாதிரி
இரவெல்லாம் தூக்கமில்லை.
'போய்ப் பாருங்க' என்றார் மேடம்.

போய்ப் பார்த்தோம்.
கருவி கம்பளிக் குல்லா போட்டிருந்தது.
பச்சை நிறம், காதுமறைப்போடு,
சின்னவனுக்குப் பத்தாமல் போனது.
ஆணியும் இரண்டடி
அடுப்புப் பக்கம் வந்திருந்தது.

'ராத்திரி தொட்டுப் பாத்தேன்,
சில்லுன்னு கெடந்துச்சு.
நம்மள மாதிரி
அது பழகலையே.'

ஏழாம் வீடு: தரவு நீக்கப்பட்டது.
அப்படித்தான் எழுதினேன், அதுதான் சரி.
தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி,
மூங்கில் பாய்க் கூரை,
முகட்டில் காற்றுவழி,
வீட்டுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
வரைபடத்துக்கு நல்ல மதிப்பெண்.
எஸ்டேட் ஆபீசிலிருந்து
இன்னும் பதில் இல்லை.

கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது
ஆய்வக உதவியாளர் துரைக்கண்ணு
எல்லாவற்றையும் எண்ணினார்.
ஏழாவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.
பிறகு, பதிவேட்டில்
கருவி ஏழு, குல்லா ஒன்று என்று எழுதி
கையெழுத்துப் போடச் சொன்னார்.