மூன்றில் ஒரு பங்கு மழை

எங்கள் விமானத்துக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர்.
மூக்கு ஓரினுக்கு, வால் மெர்லுக்கு,
ஐரீனுக்குக் கணக்கு நோட்டு என்று
ஹேங்கரில் ஒரு கேலி உண்டு.
நெப்ராஸ்காவின் நான்கு பள்ளிக்கூடங்களுக்குச்
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
காசு ஒழுகும் சத்தம்
எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

பிப்ரவரியில் ஓரின் ஒரு பெட்டியின் படத்தோடு வந்தான்.
சோப்புக்கட்டி அளவு.
செயற்கைக்கோளிடம் மழையை வாங்கி
மடியிலிருக்கும் திரையில்
பச்சை, மஞ்சள், சிவப்பாகக் கொட்டுமாம்.
எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர்.
"அவ்வளவுதானா?" என்றேன்.
தொண்டையைச் செருமினான்.
மாதம் முப்பத்தைந்து சந்தா.
பறந்தாலும்.
பறக்காவிட்டாலும்.

முன்னால் கண்ணாடி இருக்கிறது,
அது சந்தா கேட்பதில்லை என்றான் மெர்ல்.
கோபுரங்களிலிருந்து சும்மாவே வருகிறதே என்றேன் நான்.
"உயரப் போனால் வரும்.
மணல்மேடுகளை ஒட்டித் தாழப் பறந்தால்
இலவசத்துக்கும் உனக்கும் நடுவே
பூமி நிற்கும்."
ஓரின் சொன்னது சரிதான்.
ஆனாலும் அந்த வருடம் மேக்னெட்டோ வேறு போயிருந்தது.
இரண்டுக்கு ஒன்று, தள்ளுபடி என்று
என் கையாலேயே எழுதினேன்.

ஜூன் பதினொன்று. வாலன்டைனிலிருந்து
தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன்.
கிளம்புமுன் போனில் கேட்ட குரல்
இடி மழை ஆங்காங்கே என்றது.
ஆங்காங்கே.
அந்தச் சொல்லுக்குள் எத்தனை மைல் என்று
யாரும் சொல்வதில்லை.

தெற்கே ஒன்று எழுந்து நின்றது,
பக்கத்தில் இன்னொன்று.
நடுவில் வெளிச்சமாய் ஒரு சந்து,
லாரி ஒன்று தாராளமாய் நுழையலாம்போல.
சந்துக்கு அந்தப் பக்கம் என்ன?
சந்தா கேட்காத கண்ணாடி
இந்தப் பக்கத்தை மட்டும் காட்டியது.

திரும்பினேன்.
தெட்ஃபோர்டில் ஆளில்லாத ஓடுதளம்,
இறங்கிக் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது
சந்து இருந்த இடத்தில் சுவர்.
பிறகு ஆலங்கட்டி.

இரவெல்லாம் மோட்டல் காகிதத்தில் கணக்குப் போட்டேன்.
அறை எழுபத்தெட்டு.
வறுத்த கோழி பதினான்கு, அதுவும் காய்ந்தது.
சாம்பல் கிண்ணத்தில் சாவி வைத்துவிட்டுப்போன
விமான நிலையத்துப் பழைய பிக்கப்புக்குப் பெட்ரோல் பத்து.
மறுநாள் சம்பளம் பிடித்தம்.
இறக்கையைக் கட்டும்போது
முடிச்சு நான்கு தடவை வழுக்கிற்றே,
அதை எந்தப் பத்தியில் எழுத?

ஜூலைக் கூட்டத்தில் முதல் கை என்னுடையது.
மெர்ல் என்னை ஒரு நிமிடம் பார்த்தான்.
காப்பிக் கோப்பை இருந்த கையைத் தூக்கினான்,
கொஞ்சம் சிந்தியது.

பெட்டி வந்தது.
திரையின் மூலையில் ஒரு குட்டி எண்: ஏழு.
ஏழு நிமிடம் பழைய மழையாம்,
சிலசமயம் அதைவிடப் பழசு,
கையேட்டில் பொடி எழுத்தில் ஒத்துக்கொள்கிறார்கள்.
முந்தின நாள் ரொட்டியை
எங்கள் ஊர் பேக்கரிக்காரன்கூடப் பாதி விலைக்குத்தான் தருவான்.

ஆகஸ்ட் வந்தது, செப்டம்பரும் போனது.
பாழாய்ப்போன வானம் ஒரு சொட்டு விடவில்லை.
மடியில் வெறும் வரைபடம்,
பொட்டுப் பச்சை இல்லை.
முப்பத்தைந்து.
மறுபடி முப்பத்தைந்து.
ஒன்றுமில்லாததை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க
இத்தனை செலவா என்று
மெர்ல் வாய் திறக்குமுன் நானே திட்டிவிடுகிறேன்.

மூன்றாய்ப் பிரித்தால்
ஆளுக்குப் பதினொரு டாலர் அறுபத்தாறு சென்ட்.
மிஞ்சும் இரண்டு சென்ட்டை
மாதாமாதம் என் பெயரில் எழுதிக்கொள்கிறேன்.
ஏன் என்று இருவரும் கேட்டதில்லை.
அன்றைக்குத் திரும்புவதற்கு முன்னால்
அந்தச் சந்தை நோக்கி
முழுதாய் நான்கு நிமிடம் பறந்தேன் என்று
நானும் சொன்னதில்லை.