இருமை விகுதி

மேல்மாடிக் குழாய் வெடித்த அந்தப் பிப்ரவரிக் காலையில்
'சுமக்கிறோம்' என்பதை நான் இன்னும் முடித்திருக்கவில்லை.
விளாதிகவ்காஸில் தேரெக் ஆறு
ஓரங்களில் உறைந்து, நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

சுமக்கிறேன்: பராமி.
சுமக்கிறான்: பரதி.
சுமக்கிறார்கள்: பரந்தி.
ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் உடுக்குறி.
காதால் கேட்டவர் இல்லை, கல்லில் வெட்டியவர் இல்லை,
ஆனாலும் இருந்தாக வேண்டும் என்று பொருள்.
காலி செய்த வீட்டுச் சுவரில்
ஆணித் துளைகளை எண்ணி
எந்தப் படம் எங்கே தொங்கியது என்று சொல்கிற வேலை.

'இருவர் சுமக்கிறோம்' அட்டை மட்டும் வெற்றாகக் கிடந்தது.
சான்று ஒன்றே ஒன்று.
கிழக்கே ஓதிய பழைய மொழியில் ஒரே ஓர் இடம்,
அதுவும் வேறொரு வினை:
நாமிருவரும் விரும்புகிறோம்.
விருப்பத்தின் விகுதியை அறுத்துச்
சுமையின் பகுதியோடு ஒட்ட வேண்டும்.
ஒட்டலாம். புணர்ச்சி விதி தடுக்கவில்லை.
பராவஹி.

பன்மைக்குப் பராமஹி. ஓர் ஒலிதான் வேறு.
ம என்றால் உதடுகள் மூடிக்கொள்ளும்.
அந்தக் காலத்து வ என்றால்
குவிந்து, நெருங்கி,
தொடாமல் நின்றுவிடும்.
இதையெல்லாம் அடிக்குறிப்பில் எழுத முடியாது.

தண்ணீர் படியிறங்கத் தொடங்கியபோது
எதிர் அறையிலிருந்து ஓடி வந்தவர் தொத்ராஸ்.
பெயர்ச்சொல்காரர்.
பதினோரு வருடமாக என் வினைகளைப் பார்த்து
"ஓரிடத்தில் நிற்காத ஜென்மங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்பவர்.

பதினெட்டு இழுப்பறை, கருவாலி மரம்.
அவர் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம்.
பாரம் முழுக்க அவர் பக்கமே சாய்ந்தது.
மூன்றாம் திருப்பத்தில் அவருடைய பின்கால் வழுக்கியது.
அலமாரி நின்றது.
அதன் உச்சிக்கு மேல்
அவர் முகமும் என் முகமும் ஓர் இழுப்பறை தூரத்தில்.

"ஹஸ்ஸம்!" என்று கத்தினார்.
எங்கள் ஒசேத்தியப் பேச்சில், சுமக்கிறோம்.
இரண்டு பேருக்கும் அதே சொல், இருநூறு பேருக்கும் அதே சொல்.
வேர்கூடப் பழையது இல்லை.
சொல் ம்-இல் முடிந்தது.
அவர் உதடுகள் மூடிக்கொண்டன.

கூடத்தில் இறக்கிவைத்தோம்.
துண்டு தேடப் போனார்.
ஈர விரலால் வெற்று அட்டையை உருவி
பராவஹி என்று எழுதினேன்.
மை பரவியதில் உடுக்குறிக்கு
ஐந்து முனையா, ஆறு முனையா என்றே தெரியவில்லை.
சான்று என்ற கட்டத்தில்
'படிக்கட்டு, மூன்றாம் திருப்பம்' என்று எழுதி
அதை அடித்துவிட்டு
'இல்லை' என்று எழுதினேன்.

துண்டோடு வந்தவர் கேட்டார்:
"மேலே இன்னும் ஏதாவது இருக்கிறதா?"

ஒரு மேசை இருந்தது.
சின்னது. நான் ஒருத்தியே தூக்கிவிடலாம்.

"இருக்கிறது" என்றேன்.