பத்துப் பரங்கி

பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.
ஏசி வீண் என்றார் தனபாலன்.
பிறகு இறக்கினார், விரலளவு.
செந்தூலில் பள்ளிக் கேன்டீன் இரண்டு வாரம் மூடல்.
அடுப்பில்லாத கைகளுக்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தச் சாலையில்தான் யுகேஸ்வரி, ஏழு வயதில்,
பத்து பெரிங்கி என்ற பலகையை எழுத்துக்கூட்டிவிட்டு
பத்துப் பரங்கியா அம்மா, எல்லாரும் எங்கே என்றாள்.
மலாயில் பத்து என்றால் பாறை,
பெரிங்கி நம் பரங்கியேதான் என்று
அப்பா விளக்கினார்.
அவளுக்கு எண்ணிக்கைதான் பிடித்திருந்தது.
அன்று முழுக்க மணலில் தேடித் தேடி எண்ணினாள்.
நான்கோடு இருட்டிவிட்டது.
அறை எடுக்க வசதியில்லை;
கார்க் கதவைத் திறந்து அதன் மறைவில் ஈரம் மாற்றினோம்.

இப்போது அறை இருக்கிறது, ஏழாவது மாடி.
படுக்கைமேல் துவாலையில் செய்த அன்னம் இருக்கிறது.
அவள் கப்பலில் இருக்கிறாள்.
இத்தாலிப் பக்கம் ஒரு கடலோர ஊர்,
பெயரை மூன்று முறை சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை.
படம் அனுப்பியிருந்தாள்:
சட்டையில் பொத்தான் தைத்ததுபோல் வரிசை பிசகாத குடைகள்,
நீலம், வெள்ளை, நீலம்.
முதல் வரிசைக்கு ஒரு விலையாம், பின்வரிசைக்கு ஒன்றாம்.
அறுபது கோடையாக ஒரே குடும்பத்துக்கு ஒரே குடை உண்டாம்,
எண் போட்ட மரக்கதவுக்குள் உடை மாற்றுவார்களாம்.
கடலுக்கு வாடகையா என்று சிரித்தவர்
இங்கே இரண்டு சாய்வு நாற்காலிக்கு
முப்பது வெள்ளி எண்ணிக் கொடுத்தார்.

ஜெல்லி மீன் ஜாக்கிரதை என்று பலகை.
முழங்கால்வரை போனேன், பஞ்சாபி சூட் கனத்தது.
ஒரு குதிரை நின்ற இடத்திலேயே லத்தி போட,
கயிறு பிடித்தவன் கைப்பேசியில் இருந்தான்.
திரும்பிப் பார்த்தால்
பாராசூட்டுக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் தனபாலன்.
ரத்த அழுத்த மாத்திரை போடுகிற மனிதர்.
அங்காட் காக்கி, அங்கிள், அங்காட் காக்கி என்று
பையன்கள் கத்தக் கத்த
ஓடி, தடுக்கி, காலைத் தூக்கி
ஏறியே விட்டார்.
செருப்பு இரண்டும் மணலில் கிடந்தன,
ஒன்று கவிழ்ந்து.
நான் அதையே பார்த்து நின்றேன், மேலே பார்க்கவில்லை.
இறங்கியவர் கோப்பி ஓ கேட்டார்.
மேலே சத்தமே இல்லை, என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.

இரவு பத்து மணி, அவளுக்கு மாலை நான்கு.
ஊர் எப்படிடி, குடைக்குக் கீழே உட்கார்ந்தாயா?
எறங்கவே இல்லைம்மா.
அது ஒம்பதாவது தளத்துலேருந்து எடுத்தது,
ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவுல.
இன்னிக்குப் பதினெட்டு ரூம்.
நான் ஏதோ மலைமேல் நின்று எடுத்தாள் என்றிருந்தேன்.
பேச்சை மாற்ற அன்னத்தைக் காட்டினேன்.
உற்றுப் பார்த்தாள், முகம் திரை முழுக்க வந்தது.
கழுத்து சாயுது பாரு, அவசரத்துல மடிச்சிருக்காங்க,
அடியில ஒரு சுருட்டு கொறையுது.
காலையில பத்து வெள்ளி வை.
தலகாணி மேல வை,
மேசையில வெச்சா எடுக்க மாட்டாங்க.

குளித்துவிட்டுக் கைலியில் துடைத்துக்கொண்டார் தனபாலன்.
நான் என் துப்பட்டாவில்.

பசியாறும் இடத்தில் எண்ணினேன்.
தோசைக்கல் முன்னால் கைகட்டி நின்ற இருவர்,
பப்பாளிக்கு உப்புத் தூவிய ஒருத்தி,
தோள் உரிந்து சிவந்த ஒரு குடும்பம், அதில் ஐந்து,
அரைவேக்காட்டு முட்டையோடு போராடிய ஒருவர்.
ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள், பத்தாவது நீ
என்று தட்டி அனுப்பினேன்.
ஒற்றைக் குறியோடு நிற்கிறது.
தனபாலன் இன்னொரு ரொட்டி சானாய் எடுக்கப் போயிருக்கிறார்,
விந்தி விந்தி;
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம்.