டிரம் உட்பட

காரின் விலை தொள்ளாயிரம் பவுண்டு.
அதை நான் ஓட்டலாம் என்று சொல்லும் காகிதத்தின் விலை
ஆயிரத்து எழுநூறு.
பத்தொன்பது வயது என்பது
காப்பீட்டுக்காரர்களின் கணக்கில்
இன்னும் நடக்காத ஒரு விபத்து.
மிச்சத்தை பெட்ரோல் குடிக்கிறது.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அதனால்தான் இந்தச் சிவப்பு நோட்டு.
நிரப்பும் ஒவ்வொரு முறையும்
தேதி, லிட்டர், மைல்.
லிட்டரில் விற்று, மைலில் ஓடி,
கேலனில் பெருமை பேசும் நாடு.
பம்பு வெளிச்சத்தில் நின்று பெருக்கி வகுத்தேன்.
முதல் வாரம்: முப்பத்தெட்டு.

பிளைனாயிலிருந்து லாண்டுட்னோவுக்கு
ஏறக்குறைய முப்பது மைல்.
ஓட்டலின் சலவை அறையில்
நேற்று யாரோ தூங்கிய விரிப்புகள்
காலை ஆறு மணிக்குக் குவிந்திருக்கும்.
இடையில் க்ரைமியா கணவாய்,
கற்பலகை உடைத்துக் கொட்டிய சாம்பல் மேடுகள்,
தார்ச்சாலையின் சூட்டை விட மனமில்லாத ஆடுகள்.

முதலில் டயர்.
பழைய சாமான் கடையில் மூன்று பவுண்டுக்கு
மிதி பம்பு வாங்கி
மழையில் நின்று மிதித்தேன்.
முப்பத்தொன்பதரை.

பிறகு கால்.
இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால்
மிச்சம் என்று நினைத்திருந்தேன். இல்லை.
கியரில் வைத்தபடியே காலை எடுத்தால்
இன்ஜின் ஒரு சொட்டும் கேட்பதில்லை;
மலை தன் செலவில்
என்னைக் கீழே கொண்டுபோய் விடுகிறது.
பிரேக் மிதிப்பது
காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச்
சாலையில் கொட்டுவது.
ஐம்பதைத் தாண்டுவதில்லை.
பின்னால் வந்த வேன்காரன்
வெல்ஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று திட்டினான்.
இரண்டும் புரிந்தது.
டாஷ்போர்டுக்குள் காப்பீட்டுக்காரர்கள் வைத்த
கறுப்புப் பெட்டி மட்டும்
என்னை நல்லவன் என்று நம்பிவிட்டது.
நாற்பத்தொன்று.

கூரைக் கம்பிகளைக் கழற்றினேன்.
ஊளை நின்றது.
நாற்பத்திரண்டு புள்ளி ஏழு.

இனி டிக்கிதான் பாக்கி.
மூன்று மழை பூட்ஸ், ஆம், மூன்று.
போன குளிர்காலத்து உப்பு மூட்டை.
மைரிக்கின் பாஸ் டிரம்.

எங்கள் இசைக்குழு பதினோரு மாதம் உயிரோடிருந்தது,
மூன்று மேடை.
கடைசி மேடைக்குப் போன பெட்ரோலுக்கு
ஆளுக்கு நாலு பவுண்டு கேட்டேன்.
"நாங்க வரலைன்னாலும் நீ போயிருப்பேல்ல?"
என்றான் மைரிக்.
அக்டோபரிலிருந்து பேச்சில்லை.
டிரம்மைக் குளியலறைத் தராசில் நிறுத்தேன்.
பதினொரு கிலோ.
ஒரு கோபத்துக்கு
இவ்வளவு எடையா என்றிருந்தது.

ஞாயிறு மாலை கொண்டுபோனேன்.
சர்ச்சுக்கு மேலே செங்குத்துத் தெரு, இரண்டாம் கியர்.
நிறுத்தியதும் இன்ஜினை அணைத்தேன்,
தயக்கத்துக்கெல்லாம் பெட்ரோல் எரிக்க முடியாது.
கண்ணாடியில் ஆவி படிந்தது.
அப்போது கேட்டது, கராஜுக்குள்:
பிளாஸ்டிக் வாளியின் மேல் யாரோ தட்டுகிறார்கள்.
நாலாவது அடியில்
அதே பழைய சறுக்கல்.

கதவைத் திறந்தவன் கையில் குச்சிகள்.
டிரம்மைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இங்க வைக்க இடமில்லடா.
அக்கா குழந்தையோட வந்து தங்கியிருக்கா.
உன்கிட்டயே இருக்கட்டும்."
பிறகு, கதவைச் சாத்தப் போனவன்,
"வியாழக்கிழமை ஜங்ஷன் பக்கமா போவியா?"

வியாழக்கிழமைகளில்
எழுபது கிலோ மைரிக் கூடுதல்.
கணவாயின் உச்சி தாண்டியதும் காலை எடுக்கிறேன்.
இன்ஜின் எதையும் குடிக்காத அந்த மூன்று மைலில்
அவன் டாஷ்போர்டில் தட்டுவது தெளிவாகக் கேட்கிறது.
கறுப்புப் பெட்டி
இதை என்னவென்று பதிவுசெய்யுமோ.

இந்த வாரம் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: டிரம் உட்பட.
நாலு பவுண்டைப் பற்றி
இதுவரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.